வரிசையில் ஒன்பதாவது வண்டி

எனக்கு முன்னால் எட்டு வண்டிகள். ஒன்பதாவது நான். நான் என்றால் நானும், பக்கத்தில் என் வீட்டுக்காரி உலகம்மாளும், எங்கள் இருவரையும் சுமக்கிற இந்த நாற்பது வயசு வண்டியும். மூன்றையும் சேர்த்து ஒன்று என்றுதான் எண்ண வேண்டும், எது நின்றாலும் மற்ற இரண்டும் நின்றுவிடும். முதலில் நிற்பது ஒரு பள்ளிக்கூட வேன், மஞ்சள் பெயிண்ட் இன்னும் காயவில்லை, அதில் சாய்ந்து நின்ற டிரைவரின் சட்டை முதுகில் ஒரு மஞ்சள் கோடு விழுந்திருக்கிறது, அவனுக்குத் தெரியாது, சொல்லலாம் என்று பார்த்தால் என் வாயில் பனங்கற்கண்டு இருக்கிறது. எலுமிச்சங்காய் அளவு கட்டி. மீரான் தன் கையாலேயே போட்டுவிட்டு, இது கரையிற வரைக்கும் பேசப்படாது அண்ணாச்சி, கரைஞ்சா கையைக் காட்டுங்க இன்னொண்ணு தாறேன் என்று சொல்லி, பையில் இன்னும் நாலைந்து கட்டி இருப்பதையும் தட்டிக் காட்டிவிட்டு, எஃப்.சி. ஃபார்மை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜன்னலுக்குப் போயிருக்கிறான். என் எழுபத்து நாலு வயசில் ஒரு மெக்கானிக் என் வாயை அடைத்துவிட்டுப் போகிறான், எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை, நியாயம் அவன் பக்கம் இருக்கிறது. போன தடவை, அதாவது வண்டிக்கு முப்பத்தைந்து முடிந்தபோது, இதே பொட்டலில், இதே உடைமரங்களின் அரை நிழலில், அப்போதிருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஒரிஜினல்தானா என்று கேட்டார். ஆமா என்று சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆமா என்கிற வார்த்தை என் வாயில் தனியாக வந்ததே இல்லை. இல்லை சார், இதன் சொந்த எஞ்சின் ஒரு ஐப்பசி வெள்ளத்தில் போய்விட்டது, உள்ளே இருப்பது கரை ஒதுங்கிய ஒரு தோணியின் எஞ்சின், அதனால்தான் அமாவாசை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் துள்ளும் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடினார். எஞ்சின் மாற்றியதற்கு அனுமதி எங்கே என்றார். மூன்று வாரம். எஞ்சினைக் கழற்றித் துடைத்து, நம்பரைப் படம் எடுத்து, அது பிறந்தபோது இருந்த எஞ்சின்தான் என்று எழுதிக் கொடுத்து, மீரான் தன் வாப்பாவின் பெயரைச் சொல்லி சத்தியம் செய்து, மூன்று வாரம். எழுதின மனு முழுக்க, எஞ்சின் மாற்றப்படவில்லை, உரிமையாளர் பொய் சொல்லும் பழக்கமுள்ளவர் என்கிற ஒரே விஷயம்தான், அதில் நானே கையெழுத்துப் போட்டேன்.

கற்கண்டு ஒரு ஓரத்தில் கூராகிவிட்டது, நாக்கு அந்தக் கூரையே தேடிப் போகிறது. உலகம்மாள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வலது கை மடியில், இடது கை அந்த வலது கையின் மேல், தூங்குகிற பூனையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. முன்பக்கம் ஒரே நீள சீட்டு, நடுவில் ஒன்றும் கிடையாது, கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கிறது, அதனால் அவளை ஏற்றுவது சுலபம்: முதலில் உட்கார வைத்து, பிறகு கால்களைத் தூக்கி உள்ளே வைத்து, லேசாக நகர்த்த வேண்டும், ரெக்சின் வழுக்கும், அவளே வந்துவிடுவாள். இந்த சீட்டை மீரான் மாற்றச் சொன்னான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் மாற்றினான். மூன்று வாரமாக அவன் பட்டறையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தகடு துருப்பிடித்து, டிரைவர் காலுக்குக் கீழே ரோடு தெரிந்தது, அதற்கு ஒரு எண்ணெய் டின்னை வெட்டி வைத்து வெல்டிங் அடித்தான். கதவுக்குக் கீழே பட்டி போட்டுத் தேய்த்தான். வைப்பர் ரப்பர், இன்டிகேட்டர், ஹார்ன், சைலென்ஸரில் இருந்த ஓட்டை, பின்னால் சிவப்பாக ஒளிர்கிற ஸ்டிக்கர், புகைச் சான்று. கடைசி நாள் பானட்டுக்குள் தலையை விட்டு, தகட்டில் அடித்திருக்கிற சேஸ் நம்பரைத் துணியால் துடைத்து, மேலே வெள்ளைக் காகிதத்தை வைத்து, பென்சிலைப் படுக்கைவாட்டில் பிடித்து மெல்ல மெல்லத் தேய்த்தான். ஒவ்வொரு எண்ணாக மேலே வந்தது, கிணற்றில் விழுந்த பாத்திரம் தண்ணீருக்குள் தெரிவது போல. அந்தக் காகிதத்தைத்தான் ஃபார்மில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். வண்டி தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கிற ஒரே வரி, அதை யாரும் கூட்டிக் குறைக்க முடியாது. எனக்கும் இப்படி எங்காவது அடித்து வைத்திருந்தால், நாதனிடம் ஒரு காகிதத்தை வைத்துத் தேய்த்துப் பாரு என்று சொல்லியிருப்பேன். நாதன் என் பையன், குற்றாலநாதன், மெட்ராசில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

பிரேக்கும் பார்த்தான், மீரான். நாலு வீலையும் கழற்றி பிரேக் ஷூவுக்கு லைனிங் போட்டான், ஆயில் மாற்றினான், பெடலை என்னை மிதிக்கச் சொல்லிச் சொல்லிக் காற்று எடுத்தான். எல்லாம் சரி. ஆனால் இன்றைக்குக் காலையில் ரயில்வே கேட்டுக்கு முன்னால் பிரேக் போட்டபோது, வண்டி வலப்பக்கமாக ஒரு சாண் போனது. ஒரு சாண் கூட இல்லை, நாலு விரல். நான் கூட்டிச் சொல்கிறேனோ. இல்லை, இந்தத் தடவை இல்லை, என் இடது கைக்குத் தெரியும், அது தானாகவே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கமாகப் பிடித்துக்கொண்டது. மீரான் பின்னால் தன் பைக்கில் வந்துகொண்டிருந்தான், அவன் பார்க்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் அங்கேயே ரோட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஜாக்கி போட்டு, வீலைக் கழற்றி, இன்னிக்கு வேண்டாம் அண்ணாச்சி அடுத்த வாரம் பார்ப்போம் என்பான். எனக்கு அடுத்த வாரம் இல்லை. இரண்டாவது வண்டி போகிறது, தண்ணீர் லாரி, பெரிய பெருமூச்சு விட்டு நகர்கிறது. மயில் ஒன்று பொட்டலுக்கு அந்தப் பக்கம் கத்துகிறது. நான் இரண்டு அடி முன்னால் உருட்டி நிறுத்துகிறேன், மெதுவாக, மெதுவாகப் போனால் இழுக்காது, வேகத்தில் மிதித்தால்தான் இழுக்கும், இன்ஸ்பெக்டர் வேகத்தில்தான் மிதிக்கச் சொல்லுவாள். பெண் இன்ஸ்பெக்டர், காக்கிச் சட்டை, தலையில் தொப்பி, முப்பது முப்பத்திரண்டு இருக்கும். ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிற பள்ளிக்கூட வேனின் டிரைவரிடம் ஏதோ சொல்கிறாள், அவன் தலையைச் சொறிகிறான், அவள் அவன் முதுகைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்புகிறாள். சிரிக்கத் தெரிந்தவள். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. சிரிக்கிறவர்கள் முன்னால்தான் என் வாய் நிற்காது.

இரண்டு வருஷம் ஆகிறது உலகம்மாள் பேசி. ஒரு மாசிமாதக் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே போட்டாள், நான் முற்றத்திலிருந்து, என்ன கரண்டி பறக்குது என்றேன், பதில் வரவில்லை, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நாற்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவளிடமிருந்து பதில் வராமல் இருந்ததில்லை. நான் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்கு வரைபடமும் பூமி உருண்டையும் விற்கப் போனவன். மூன்று மாவட்டம். ராத்திரி வந்து சோற்றில் கை வைத்ததும் கதை ஆரம்பமாகும், அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பாள், முடிந்ததும் இதுல எது பொய் என்று கேட்கமாட்டாள், இதுல எது நெசம் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே நான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் கால் ஓரளவு வந்துவிட்டது, கை பாதி வந்தது, வார்த்தை வரவில்லை. புரிகிறது அவளுக்கு, தலையாட்டுகிறாள், முறைக்கிறாள், முறைப்பதில் ஒரு குறையும் இல்லை. வார்த்தைதான் எங்கோ இருக்கிறது. எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றாட இருக்கட்டும் என்று வண்டியில் உட்கார வைத்து ஆற்றுப்பாலம் தாண்டிப் போனேன். தென்னந்தோப்பு வளைவில், இவள் இந்த சீட்டில், நேராகப் பார்த்தபடி, ஆடு என்றாள். நான் பிரேக் போட்டேன். ஆடு இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம், ரோட்டின் நடுவில், ஒரு வெள்ளாடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, உலகு, இன்னொரு தடவ சொல்லு என்று எவ்வளவு நேரம் கெஞ்சியிருப்பேன். சொல்லவில்லை. வண்டி நின்றால் சொல்லமாட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்தது, பள்ளம். பிறகு ஒரு மாதம் கழித்து, மழை; கண்ணாடியில் ஒரு துளிதான் விழுந்திருந்தது. பிறகு, பாலம். இந்த ஒன்றேகால் வருஷத்தில் பதினோரு வார்த்தை. வீட்டில் இல்லை, ஆட்டோவில் இல்லை, நாதனுடைய புது வண்டியில் குளிர்ச்சியில் கண்ணாடி ஏற்றிப் போனபோது இல்லை, இந்த வண்டியில், நான் ஓட்டினால், அதுவும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால். மீரானை ஒரு தடவை பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன், இருபது மைல், ஒரு வார்த்தை இல்லை. அவன் இறங்கும்போது என் தோளைத் தொட்டு, பரவாயில்ல அண்ணாச்சி என்றான். அந்தப் பரவாயில்லையை நான் இன்னும் முழுங்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன், அவர் முன்பு என்னிடம் என் ரத்தம் எந்த வகை என்று கேட்டபோது அது நாட்டில் ஏழு பேருக்குத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டிருந்தேன், அதனால் அவர் புன்னகைத்தார். நாதனிடம் போனில் சொன்னேன். பிறகு, அம்மா விஷயத்துலயுமாப்பா என்றான்.

அம்மா விஷயத்துலயுமாப்பா. அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் களைத்துப்போய்ச் சொன்னான். நல்ல பையன்தான், எனக்கு எந்தக் குறையும் வைத்தவன் இல்லை, சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் போய் எங்க அப்பா பூமி உருண்டைக்குள்ள ஒரு ஊரைக் கண்டுபிடிச்சிருக்காரு என்று சொல்லி வாத்தியாரிடம் அடி வாங்கியவன், அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் வகுப்பில் சொல்லவும் இல்லை. இப்போது அவன் சொல்வது இதுதான்: வண்டி எஃப்.சி. ஆகாவிட்டால் நீங்க ரெண்டு பேரும் அங்க எப்படி இருப்பீங்க, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்க, ஞாயித்துக்கிழம வாறேன், அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருதேன், நீங்களும் வந்துருங்க. வண்டி பாஸானால் ஒரு வருஷம் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். அவன் வீடு ஒன்பதாவது மாடி. லிஃப்ட். பால்கனியில் வலை கட்டியிருக்கிறார்கள் புறா வராமல் இருக்க. அங்கே எந்த ஆடு குறுக்கே வரும். அங்கே அவள் பேசமாட்டாள், எனக்குத் தெரியும், அங்கே பேசாமலேயே இருந்துவிடுவாள், எல்லோரும் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். அய்ந்தாவது வண்டி. ஒரு ஷேர் ஆட்டோ. பிரேக் பிடிக்கும்போது அதன் கூரையில் கட்டியிருந்த வேப்பிலை முன்னால் பாய்ந்து பின்னால் வருகிறது.

இதைவிடப் பயமான ஒன்று இருக்கிறது, அதை நான் எப்போதும் நேராகப் பார்ப்பதில்லை, கற்கண்டு மாதிரி கன்னத்துக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன். ஆடு என்று சொன்னது யார். வண்டிக்குள் இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி பேசமுடியாதவள், ஒருவன் பேசாமல் இருக்கமுடியாதவன். முப்பது வருஷம் முன்னால், வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எலும்புக்கூடு கொண்டுபோனேன், மாக்கல்லில் செய்தது, டிக்கியில் இடமில்லை என்று இந்த சீட்டில், உலகம்மாள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், தலையில் துண்டு கட்டி உட்கார வைத்திருந்தேன். செக்போஸ்டில் போலீஸ்காரர் டார்ச் அடித்து இது யாருய்யா என்றார், என் மாமனார், ரொம்ப மெலிஞ்சிட்டாரு, ஆஸ்பத்திரிக்குப் போறோம் என்றேன், அவர் சீக்கிரம் போங்க என்று கயிற்றை இறக்கினார். இதை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பிற்காலத்தில் போலீஸ்காரர் மாமனாருக்கு சோடாவும் வாங்கிக் கொடுத்தார். நாலு வருஷம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் பார்த்தேன், ஓய்வு பெற்றுவிட்டார், நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார், எலும்புக்கூடா, நீங்க எங்களுக்குக் கொடுத்தது படம்தானே, சுருட்டிக் கொண்டுவந்தீங்களே என்றார். அந்த நிமிஷம் எனக்கு என் வலது கையில் அந்த மாக்கல் கையின் பாரம் தெரிந்தது. அதன் மணிக்கட்டில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்தது, என் விரலைக் கீறியது, கீறின தழும்பு இருக்கிறது. தழும்பு இருக்கிறது, எலும்புக்கூடு இல்லை. அப்படியானால் ஆடு. வளைவு, தென்னந்தோப்பு, வெள்ளாடு, அதன் தாடி, எல்லாம் பார்த்தேன். சத்தம் பக்கத்திலிருந்து வந்ததா, என் தொண்டையிலிருந்து வந்ததா. அவளிடமே கேட்கலாம். கேட்டால் தலையாட்டுவாள், ஆனால் நான் எதைக் கேட்டாலும் இப்போது அவள் தலையாட்டுகிறாள், என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஆட்டுகிறாளோ என்னவோ. ஏழாவது வண்டி. கற்கண்டு கரைந்துவிட்டது. நான் கையைக் காட்டவில்லை.

மீரான் ஃபார்மோடு வந்து ஜன்னலில் குனிகிறான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறான், காலி. இன்னொன்று போட எடுக்கிறான், அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிடுகிறாள், அவன் கட்டியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு சல்யூட் மாதிரி ஒன்று வைக்கிறான். அவள் பானட்டைத் திறக்கச் சொல்கிறாள், பென்சில் காகிதத்தை நம்பரோடு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்க்கிறாள். லைட், இன்டிகேட்டர், வைப்பர், ஹார்ன், ஹார்னுக்கு அந்த மயில் பதில் சொல்கிறது. எஞ்சின் ஒரிஜினலா என்று கேட்கிறாள். ஆமா, என்கிறேன். மீரான் கண்ணை மூடித் திறக்கிறான். இவ்வளவு பழைய வண்டியை ஏன் வெச்சிருக்கீங்க ஐயா, கொடுத்துட்டுப் புதுசு வாங்கலாமே என்கிறாள், கெட்ட எண்ணத்தில் இல்லை, வீட்டில் அப்பாவிடம் கேட்பது போலக் கேட்கிறாள். என் பல்லுக்குப் பின்னால் ஒரு ஏழெட்டுக் கதை வந்து வரிசையாக நிற்கிறது, எல்லாம் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக. உண்மை அவற்றுக்குப் பின்னால், கடைசியில், பட்டி போட்ட கதவோடு நிற்கிறது. அதைச் சொன்னால் எல்லாவற்றிலும் பெரிய புளுகு அதுதான். வீட்டுக்காரிக்கு இதுலதான் ஏற வசதி என்கிறேன். அவள் உலகம்மாளைப் பார்க்கிறாள், மடியில் கிடக்கிற கையைப் பார்க்கிறாள். பிரேக் பார்க்கும்போது எல்லாரும் இறங்கணும் என்று சொல்ல ஆரம்பித்தவள், சரி, அம்மா இருக்கட்டும் என்று பின் கதவைத் திறந்து தானே ஏறி உட்காருகிறாள். மீரானும் அவள் பக்கத்தில் ஏறுகிறான். அந்தக் கம்பம் வரைக்கும் நாற்பதுல போங்க, நான் சொன்னதும் மிதிங்க என்கிறாள்.

கியரைப் போடுகிறேன். வண்டி கிளம்புகிறது, பொட்டல் நகர்கிறது, எண்ணெய் டின் வெல்டிங் காலுக்குக் கீழே லேசாகத் தாளம் போடுகிறது. இருபது. இடது கை ஸ்டியரிங்கில் கொஞ்சம் கீழே இறங்கிப் பிடித்துக்கொள்கிறது, நான் சொல்லவில்லை, அதுவே இறங்குகிறது. முப்பது. நாலு விரல்தான், நாலு விரலைக் கையால் மறைத்துவிடலாம், மூன்று மாவட்டம் ஓட்டியவன் நான். முப்பத்தைந்து. மறைத்துவிட்டால், ஒரு வருஷம், இந்த வண்டி, இந்த சீட்டு, இந்த பிரேக், இந்த வளைவு, இன்னொரு ஆடு. நாற்பது. இந்தக் கடைசி நினைப்பு முடிவதற்குள் பின்னாலிருந்து, போடுங்க, என்று கேட்கிறது, நான் மிதிக்கிறேன், வண்டி மூக்கைத் தாழ்த்துகிறது, ஸ்டியரிங் வலப்பக்கம் ஓடப் பார்க்கிறது, என் இடது கை இறுக்கிப் பிடிக்கிறது, டயர் மண்ணில் தேய்கிறது, நேராக, கோடு போட்டது போல நேராக வண்டி நிற்கப் போகிறது, நின்றுவிடும், இன்னும் ஒரு கஜம்தான்.

"வண்டி வலப்பக்கம் இழுக்குது. இவுக கையை வச்சு மறைக்குதாக."

வண்டி நின்றது. புழுதி எங்களைத் தாண்டி முன்னால் போய்க் கண்ணாடிக்கு மேல் ஏறி இறங்கியது. நான் உலகம்மாள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அது என் தொண்டையிலிருந்து வந்ததாகிவிடும் என்று ஒரு பயம். பின்னால் மீரான் வாயில் கற்கண்டு உடைகிற சத்தம் கேட்டது. பிறகு அவன், யா அல்லா, ஆத்தா, என்றான், அவ்வளவு மெல்ல. இன்ஸ்பெக்டருக்கு இதில் என்ன விசேஷம் என்று தெரியாது, அவள் சாதாரணமாக முன்னால் குனிந்து, அப்படியாம்மா, நன்றி, என்று சொல்லிவிட்டு, ஐயா, ஸ்டியரிங்கை விட்டுட்டு ஒரு தடவை இருபதுல போய் மிதிங்க என்றாள். கையை எடுத்தேன். மிதித்தேன். வண்டி வெட்கமில்லாமல் நாலு விரல் இல்லை, இரண்டு சாண், வலப்பக்கம் போய் நின்றது. அவள் இறங்கி எழுதினாள். இன்னிக்குப் பாஸ் போட முடியாது, பிரேக்கைச் சரி பண்ணிட்டு அடுத்த புதன்கிழமை கொண்டுவாங்க, மற்றதெல்லாம் சரியா இருக்கு. என்னை ஒரு நிமிஷம் பார்த்து, அம்மாவ வெச்சுக்கிட்டு இந்த பிரேக்ல ஓட்டலாமா ஐயா என்றாள். காகிதத்தை வாங்கி இரண்டாக மடித்து சட்டைப் பையில் வைத்தேன்.

வண்டியை உடைமரத்துக்கு அடியில் ஓரம் கட்டினோம். மீரான் இடது முன் வீலைக் கழற்றிப் பார்த்தான், பிரேக் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க ஆயில், அந்தப் பக்கம் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்தப் பக்கம் இழுக்கிறது. என் தப்பு என்று தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான், நான், எனக்குக் காலையிலேயே தெரியும் என்றேன், அவன் என்னைத் திட்டியிருக்க வேண்டும், அவனுக்குத் திட்ட ஞாபகம் இல்லை. உலகம்மாள் பக்கம் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஆத்தா இன்னொரு தடவ சொல்லுங்க என்றான், அவள் வண்டியையும் பார்க்கவில்லை அவனையும் பார்க்கவில்லை, பள்ளிக்கூட வேன் வெளியே போவதைப் பார்த்தாள். நாதனுக்கு நானே போன் போடுதேன், நீங்க சொன்னா ஆகாது, என்று போனை எடுத்து, ஸ்பீக்கரில் வைத்து, காடே கேட்கும்படி, தம்பி ஆத்தா பேசிட்டாக, எங்க முன்னால, பத்து நிமிசம், பிரேக்கப் பத்தி, சிலிண்டர் எந்தச் சிலிண்டர்னு கூடச் சொல்லிட்டாக, இன்ஸ்பெக்டரம்மா அப்படியே அரண்டு போய்ட்டாக என்று சொன்னான். பொய் சொல்லாத மனுஷன். தொழில் தொடங்கின நாளிலிருந்து, மாற்றாத போல்ட்டை மாற்றினேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவன். சந்தோஷத்தில் அவன் சொல்வதைக் கேட்க எனக்கே கூசியது, ஒவ்வொரு வார்த்தையிலும் நாதன் இன்னும் கொஞ்சம் தூரமாகப் போவது தெரிந்தது.

"அப்பா பக்கத்துல இருக்காரா, மீரான் அண்ணே? அவர் சொல்லச் சொன்னாரா?"

போனை வாங்கினேன். பத்து நிமிசம்லாம் இல்லடே என்றேன். சிலிண்டர்னும் சொல்லல. வண்டி வலப்பக்கம் இழுக்குதுன்னா. ஒரே ஒரு வரி. அவ்வளவுதான், அப்புறம் ஒண்ணும் பேசல, இப்பவும் பேசாமத்தான் இருக்கா. எஃப்.சி. ஆகல. அந்தப் பக்கம் அவன் ஆபீசில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், ஒரு கதவு மூடியது, அவன் வெளியே வந்துவிட்டான் போல, காற்று சத்தம் கேட்டது. வேற எதுவும் சொல்லலியா, என்றான். இல்ல, என்றேன்.

"நீங்க எதையும் கொறச்சுச் சொல்லி நான் கேட்டதே இல்லப்பா" என்றான். இருமினான். "ஞாயித்துக்கிழம வாறேன். கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல. பின்னால உக்காந்து வாறேன், பேசாம. பிரேக்க மட்டும் அதுக்குள்ள சரி பண்ணச் சொல்லுங்க."

வீலை மாட்டியதும் மீரான் சாவியை என்னிடம் தரவில்லை. பைக் இங்கேயே நிற்கட்டும் என்று அவனே ஓட்டினான், இருபதுக்கு மேல் போகாமல், ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று. நான் பின்னால் உட்கார்ந்தேன். வாங்கின இந்த முப்பத்தைந்து வருஷத்தில் இந்த வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை. இங்கிருந்து அவளுடைய பிடரி தெரிகிறது, அதில் நரைக்காத முடி ஒரு விரல் அகலம் இன்னும் இருக்கிறது, எனக்குத் தெரியாது. மீரான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான், அவள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. நாதனிடம் ஒரு வரி என்று சொன்னேன். இரண்டு வரி. இரண்டு என்றால் நம்பமாட்டான் என்று குறைத்தேன் என்று மீரான் நினைத்துக்கொள்ளட்டும். இந்த ஒன்றேகால் வருஷமாக அவள் சொன்ன ஆடு, பள்ளம், மழை எல்லாம் கண்ணாடிக்கு வெளியே இருந்தவை. அந்த இரண்டாவது வரி வண்டிக்கு உள்ளே இருந்தவனைப் பற்றியது. அதை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை.